கருவும் கதையும் தனித்தனியே ஓடாமல் இருக்க: புதிதாகக் கதை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சிறுகதையை ஏழு முறை திருப்பி எழுதினேன். 14 மாதங்கள் ஆயின. வாக்கியங்களை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன், முதல் பத்தியை எத்தனை தடவை அடித்து எழுதினேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் படித்தவர்கள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன சொல்ல வர்றீங்கன்னு பிடிபடலை." உடனே கதாபாத்திரத்தின் வாயில் இன்னும் இரண்டு வசனங்களைச் சேர்ப்பேன். அடுத்த முறை, "இப்போ பிரச்சாரம் மாதிரி இருக்கு" என்பார்கள். சேர்த்ததை வெட்டுவேன். மறுபடி பழைய பதில்.

கோளாறு வாக்கியத்தில் இல்லை என்று புரிய எட்டாவது முறை ஆனது. கதையில் நடந்துகொண்டிருந்தது ஒன்று, நான் சொல்ல விரும்பியது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தொட வைப்பதற்கு ஒரு வேலைமுறை உண்டு. அதை வரிசையாக யாராவது அப்போதே எனக்குச் சொல்லியிருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: கையில் வேண்டியவை, ஆகும் நாட்கள், ஆகும் செலவு

2,000 முதல் 3,000 சொற்கள் வரை உள்ள ஒரு சிறுகதையை மனதில் வைத்துச் சொல்கிறேன். நாவலுக்கும் அடிப்படை இதுதான். ஆனால் முதலில் சிறுகதையில் பழகுங்கள். தப்பாகப் போனால் சில வாரங்களோடு முடிந்துவிடும்.

நான்கு ஆவணங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கதையின் வரைவு. இரண்டாவது, ஒரே ஒரு தாள். அதில் ஒரே ஒரு கேள்வி இருக்கும். மூன்றாவது, காட்சிப் பட்டியல். நான்காவது, வெட்டி எடுத்தவற்றைப் போட்டுவைக்கும் கோப்பு. இந்த நான்காவதைப் பலர் வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் வெட்டவும் மாட்டார்கள். எழுதியது தொலைந்துவிடாது, பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிகிறது.

நாட்கணக்கு இப்படி வரும்: முதல் வரைவுக்கு 7 நாள், ஆறப்போட 10 நாள், கேள்விக்கும் காட்சிப் பட்டியலுக்கும் 2 நாள், மறுவரைவுக்கு 7 நாள், பிறருக்குப் படிக்கக் கொடுத்துப் பதில் வாங்க 7 நாள், கடைசித் திருத்தத்துக்கு 2 நாள். மொத்தம் 35 நாள். தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிகிறவருக்கான கணக்கு இது.

பணச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. உண்மையான செலவு, வெட்டப்போகும் பக்கங்கள்தான். என் கதைகளில் முதல் வரைவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 3,000 சொல் எழுதினால் 1,000 சொல் நான்காவது கோப்புக்குப் போகும் என்று இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

'கரு' என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான். "ஒரு நல்ல கரு கிடைச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் ஒரு சூழ்நிலையைச் சொல்கிறார்: பார்வை மங்கிவரும் தையல்காரர், அவருடைய மகள். "இந்தக் கதையோட கரு என்ன?" என்று இன்னொருவர் கேட்டால், அந்தச் சூழ்நிலை எதைப் பற்றியது என்று கேட்கிறார்: மானமா, உதவியா, பொய்யா? இங்கே முதலாவதைச் சூழ்நிலை என்றும் இரண்டாவதை மட்டும் கரு என்றும் சொல்கிறேன்.

தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இன்னொரு இடறல் உண்டு. அங்கே கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, பறவை, மரம், பறை, தொழில் முதலியவை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இன்று நாம் கரு என்கிறோமே, அதற்கு நெருக்கமானது உரிப்பொருள்தான்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். பெயர்க் குழப்பத்தைத் தாண்டிப் பார்த்தால் இந்தப் பிரிவினை நமக்கு நன்றாகவே உதவும். உரிப்பொருளைச் சொல்லிவிடாமல் ஒரு பறவையையும் ஒரு மாலைப்பொழுதையும் காட்டி உணரவைப்பது நம் மொழியில் மிகப் பழைய பழக்கம். 7ஆம் படியில் இதற்குத் திரும்பி வருவேன்.

எடுத்துரைப்பு அல்லது கதையாடல் என்பது, நடந்ததை யார் சொல்கிறார், எங்கே தொடங்குகிறார், எதை விரிக்கிறார், எதை ஒரே வரியில் கடக்கிறார், எதை மறைக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்தது. அதே நிகழ்ச்சிகளை வேறு விதமாக எடுத்துரைத்தால் கரு மாறிவிடும்.

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் ஒரு சின்ன எடுத்துக்காட்டுச் சொன்னார். அரசன் இறந்தான், அப்புறம் அரசி இறந்தாள் என்றால் அது நிகழ்ச்சிகளின் வரிசை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். கூடியது துயரம் என்ற காரணம் மட்டும். ஆனால் கரு உள்ளே வருவது இந்தக் காரணத்தின் வழியாகத்தான். உங்கள் காட்சிகளுக்கு நடுவே 'அப்புறம்' மட்டுமே இருந்தால், எவ்வளவு ஆழமான கருவை நீங்கள் மனதில் வைத்திருந்தாலும் அது வெளியிலேயே நிற்கும். 'அதனால்', 'ஆனாலும்' என்ற சொற்கள் காட்சிகளைக் கோக்க வேண்டும்.

2. முதல் வரைவைக் கருவைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள் (7 நாள்)

கருவை முதல் நாளே முடிவுசெய்துவிட்டு உட்காராதீர்கள். ஒருமுறை 'மன்னிப்பே பெரிது' என்று தாளின் தலையில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்கினேன். அந்தக் கதையில் யாருக்கும் சொந்தக் கோபமே வரவில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்தில் மன்னிப்பதற்காகவே காத்திருந்தார்கள். அதைக் காப்பாற்ற முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

சூழ்நிலையோடு தொடங்குங்கள். ஒரு மனிதர், அவருக்கு ஒன்று வேண்டும், அதற்குக் குறுக்கே ஒன்று நிற்கிறது. இது போதும். ஏழு முறை எழுதினேன் என்றேனே, அந்தக் கதையின் சூழ்நிலையையே இந்தக் கட்டுரை முழுக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

தையல்காரர் ஒருவர். 40 ஆண்டுகளாகச் சட்டைகளுக்குக் கையாலேயே காஜா எடுப்பவர். பொத்தான் நுழைகிற அந்தச் சின்னத் துளையைச் சுற்றி அவர் போடும் தையல்தான் அவருடைய பெருமை. கண் மங்கிக்கொண்டு வருகிறது, வெளியே சொல்லவில்லை. மகள் செல்வி கவனித்துவிடுகிறாள். இரவில் அவர் தூங்கிய பிறகு, கோணலாகப் போன காஜாக்களைப் பிரித்துத் தானே மறுபடி எடுத்து வைக்கிறாள். காலையில் அவர் எல்லாம் தன் கைவேலை என்று நினைத்துச் சட்டைகளை மடித்துக் கொடுக்கிறார்.

என் முதல் வரைவில் ஒன்பது காட்சிகள் இருந்தன. அப்பாவின் இளமைக் காலம், வாடிக்கையாளர் ஒருவரின் பாராட்டு, செல்விக்கும் தோழிக்கும் ஒரு நீண்ட உரையாடல், கடைசியில் உண்மை தெரிந்து இருவரும் அழுவது. அந்த வரைவு மோசமாக இருந்ததில் தவறில்லை. முதல் வரைவு அப்படித்தான் இருக்கும். அதற்கு அடுத்த ஆறு தடவையும், நடுவில் ஒருமுறை முடிவை மாற்றியதைத் தவிர, அதே ஒன்பது காட்சிகளை வைத்துக்கொண்டு வாக்கியங்களை மட்டும் மெருகேற்றியதுதான் என் தவறு.

3. ஆறப்போடுங்கள் (10 நாள்)

வரைவைத் திறக்கவே கூடாது. வேறு ஏதாவது எழுதுங்கள், படியுங்கள். 10 நாளுக்குக் குறைந்தால் நீங்கள் எழுதியது கண்ணுக்குத் தெரியாது, எழுத நினைத்ததுதான் தெரியும்.

4. கதைக்குள் ஏற்கெனவே இருக்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள் (ஒரு மாலை)

மொத்த வேலையில் இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள்.

வரைவைத் தாளில் எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். மூன்று வகை இடங்களில் கோடு போடுங்கள். நீங்கள் தேவைக்கு மேல் நின்று நிதானித்து எழுதிய இடங்கள். ஒரு பாத்திரம் நீங்கள் திட்டமிடாத ஒன்றைச் செய்த இடங்கள். திரும்பத் திரும்ப வரும் பொருள், செயல் அல்லது சொல். படித்து முடித்ததும் கோடு போட்ட வரிகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். உங்கள் மனம் உண்மையில் எதைச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை அந்த வரிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளையின் கடமையைப் பற்றி எழுதுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட வரிகளைப் பார்த்தால், கத்தரிக்கோலின் சத்தம் கேட்காமல் இருக்கச் செல்வி துணியைச் சுற்றிப் பிடிக்கிறாள், அப்பா இருமினால் மூச்சை நிறுத்துகிறாள், பிரித்த நூல்களைக் காகிதத்தில் மடித்துத் தூரக் கொண்டுபோய்ப் போடுகிறாள். முழுக்க ஒளித்தல். கடமையைச் செய்பவள் ஏன் திருடியைப் போல நடக்க வேண்டும்? அங்கேதான் என் கதை இருந்தது. ஒற்றைத் தாளில் இப்படி எழுதினேன்:

"ஒருவருடைய மானத்தைக் காப்பாற்ற அவருக்கே தெரியாமல் உதவினால், அது உதவியா, அவரை ஏமாற்றுவதா?"

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. அது ஒற்றைச் சொல்லாக நிற்கக் கூடாது. 'அன்பு', 'தனிமை', 'துரோகம்' எல்லாம் கதை நடக்கும் களத்தின் பெயர்கள், கேள்வி ஆகாது. அடுத்து, கேள்வியின் இரண்டு பக்கமும் நியாயமான ஒருவர் நிற்க முடிய வேண்டும். 'கொடுமை செய்வது சரியா?' என்று கேட்டால் ஒரு பக்கம் காலியாக இருக்கும், கதைக்கு வேலையே இல்லை. ஒரு பழமொழியில் அடங்கிவிடும் கருத்தைச் சொல்லப் பழமொழியே போதும். கடைசியாக, அதற்கு யாராவது ஒருவர் ஏதாவது செய்துதான் பதில் சொல்ல முடிய வேண்டும். உட்கார்ந்து யோசித்தே பதில் சொல்லிவிடலாம் என்றால் அது கட்டுரைக்கான கேள்வி.

பொறி: கேள்வியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதைக் கதைக்குள் யாராவது கேட்கும்படி எழுதிவிடுவோம். கூடாது. அந்தத் தாள் உங்கள் மேஜையோடு இருக்கட்டும்.

5. காட்சிப் பட்டியல் போடுங்கள் (இன்னொரு மாலை)

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. வரியில் நான்கு கட்டம்: என்ன நடந்தது, யாருக்கு என்ன மாறியது, கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தக் காட்சிக்கு எத்தனை சொற்கள் செலவாகியிருக்கின்றன.

மூன்றாவது கட்டம்தான் உயிர். என் ஒன்பது காட்சிகளில் நான்கில் அங்கே எழுத எனக்கு ஒன்றுமே இல்லை. அப்பாவின் இளமை அழகாக வந்திருந்தது. எனக்குப் பிடித்த இரண்டு உவமைகள் அதில் இருந்தன. ஆனால் கேள்வி அசையவில்லை. நான்கும் வெட்டிய கோப்புக்குப் போயின.

மீதி ஐந்து காட்சிகளைப் பார்த்தபோது அதைவிடப் பெரிய ஓட்டை தெரிந்தது. ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. செல்வி செய்வது நல்லது, நல்லது, நல்லது. ஒரு வரிகூட அவளுக்கு எதிராகப் பேசவில்லை. படித்தவர்கள் பிரச்சாரம் என்று சொன்னது வசனத்தால் மட்டுமில்லை, இந்தச் சாய்வால்தான். இதை நன்றாக மனதில் வையுங்கள்: வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டாலும் காட்சிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் கதை பிரச்சாரம் ஆகிவிடும்.

எதிர்ப் பக்கத்துக்கு ஒரு காட்சி வேண்டும். அதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, அவளுடைய நல்ல செயலிலிருந்தே வர வேண்டும். சரி, அவள் அப்பாவின் பிழைகளை மறைக்கிறாள். அதனால் என்ன ஆகும்? தன் கை இன்னும் பழுதில்லை என்று அவர் நம்புவார். அதனால்? துணிந்து பெரிய வேலையாக ஒப்புக்கொள்வார். 60 சட்டைகள், சட்டைக்கு 7 காஜா, மொத்தம் 420. அந்த வேலையைக் கேட்டு வந்தவரிடம், "என் கையை நம்பிக் குடுங்க" என்கிறார் அப்பா, செல்வியின் முன்னாலேயே. இந்த ஒரு காட்சி வந்ததும் கதை எழுந்து உட்கார்ந்தது. அவளுடைய அன்பே அவரை மாட்டிவிட்டது. இப்போது கேள்விக்கு இரண்டு பக்கமும் கனம் இருக்கிறது, காட்சிகளைக் கோக்க 'அதனால்' இருக்கிறது.

6. எடுத்துரைப்பை முடிவுசெய்துவிட்டு மறுவரைவு எழுதுங்கள் (7 நாள்)

யார் சொல்கிறார்? இதை வசதிக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள், கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். செல்வியே 'நான்' என்று சொன்னால் கதை குற்ற உணர்வின் பக்கம் போகும். ஒளிப்பவளின் படபடப்பு கிடைக்கும், ஆனால் அப்பாவுக்கு என்ன தெரியும் என்பது கடைசி வரை மூடியே இருக்கும். அப்பாவின் கோணத்தில் சொன்னால் கதை மானத்தின் பக்கம் போகும். அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம், அது வேறு ஒரு கதை. இரண்டு பேர் மனதுக்குள்ளும் மாறி மாறிப் போனால் வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும், ஒளித்தல் என்பதே பொருளற்றுப் போகும். ஒளித்தலைப் பற்றிய கதையில் வாசகரிடமிருந்தும் ஒன்று ஒளிக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால் செல்விக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும் படர்க்கைக் கோணத்தை எடுத்தேன்.

எங்கே தொடங்குகிறது? கேள்வி முதன்முதலாக எழும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. எனக்கு அது அவள் முதல் காஜாவைப் பிரிக்கும் இரவு.

எதற்கு எத்தனை சொற்கள்? நான்காவது கட்டத்தில் எழுதிய எண்களை இப்போது எடுத்துப் பாருங்கள். என் பழைய வரைவில் வாடிக்கையாளரின் பாராட்டுக்கு 500 சொல், இரவில் காஜா பிரிப்பதற்கு 90 சொல். எது பெரியது என்று வாசகருக்கு நாம் நீளத்தால்தான் சொல்கிறோம். ஒரு காட்சியை விரித்து எழுதினால் "இங்கே நில்" என்று அர்த்தம், ஒரே வரியில் கடந்தால் "இதைத் தாண்டி வா" என்று அர்த்தம். நான் அவர்களைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டு, கரு பிடிபடவில்லை என்று அவர்கள் சொன்னபோது வருந்திக்கொண்டிருந்தேன். மறுவரைவில் பாராட்டு இரண்டு வரி ஆனது, இரவுக்கு 600 சொல் கிடைத்தது.

எத்தனை முறை? ஒரே செயலை இரண்டு, மூன்று முறை காட்டலாம், ஒவ்வொரு முறையும் ஒன்று மாறியிருந்தால். முதல் இரவில் செல்வி ஒரு காஜாவைப் பிரிக்கிறாள், கை நடுங்குகிறது. இரண்டாவது இரவில் 12 காஜா, கை பழகிவிட்டது; பழகிவிட்டதே என்று அவளுக்குப் பயம் வருகிறது. மூன்றாவது இரவு அந்த 60 சட்டைகள். இந்த மாற்றத்தை வாசகர் தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

7. கருவை ஒரு பொருளிடம் ஒப்படையுங்கள்

சிலப்பதிகாரத்தின் பதிகம் தன் கருத்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் காப்பியம் பிரச்சாரமாக நிற்கவில்லை. காரணம், அந்தக் கனத்தை எல்லாம் சுமப்பது ஒரு சிலம்பு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு சிலம்புகள். கண்ணகியுடையதில் மாணிக்கப் பரல், அரசியுடையதில் முத்துப் பரல். உடைத்ததும் தெறிக்கும் மணியே தீர்ப்பாகிவிடுகிறது. அரசன் பிழை செய்தான் என்று அந்தக் கணத்தில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வரைவில் திரும்பத் திரும்ப வந்ததாக 4ஆம் படியில் கோடு போட்டீர்களே, அதிலிருந்தே பொருளை எடுங்கள். வெளியிலிருந்து ஒரு குறியீட்டைக் கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டியது தெரியும். என் கதையில் நூல் இருந்தது. என் பழைய முடிவு இது:

"அப்பா, உங்க மானம் போகக் கூடாதுன்னுதான் இப்படிச் செஞ்சேன்" என்று கதறினாள் செல்வி. "பெத்த புள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று அவர் கண்கலங்கினார்.

இப்போது இருப்பது இது:

சட்டையை மடிக்கும்போது அவருடைய கட்டைவிரல் மூன்றாவது காஜாவில் நின்றது. விளிம்பை ஒருமுறை தடவினார். நான்காவதைத் தடவினார். மறுபடி மூன்றாவதுக்கு வந்தார். செல்வி ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.
"நூல் இறுக்கமா இருக்கு" என்றார். "என் கை இவ்வளவு இழுக்காது."
சட்டையை மடித்துக் கட்டின் மேல் வைத்தார். அன்று இரவு விளக்கை அணைக்காமலே படுத்தார்.

கண் கைவிட்டவருக்கு விரல் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஒரு காஜாவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இறுக்க வேறுபாட்டில் மானமும் பொய்யும் பாசமும் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எதுவும் பத்தியில் இல்லை.

8. வாயால் சொன்னதை வெட்டுங்கள்

கடமை, தியாகம், பாசம், மானம், மனிதநேயம், வாழ்க்கை. இந்த மாதிரிச் சொற்களை வரைவில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். என் பழைய வரைவில் 'கடமை' 11 இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள். பத்தி நின்றால் சொல் தேவையில்லை. பத்தி விழுந்தால் அங்கே காட்சி இல்லை, சொல் மட்டும்தான் இருந்தது, காட்சியை எழுதுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கருவைப் பற்றித் தவறாகவோ அரைகுறையாகவோ ஒரு பாத்திரம் பேசலாம். "என் கையை நம்பிக் குடுங்க" என்று அப்பா சொல்வது அப்படித்தான். அவர் முழு நம்பிக்கையோடு சொல்கிறார், வாசகருக்கு மட்டும் வலிக்கிறது.

9. முடிவை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்

ஒரே அமர்வில் எழுதுங்கள், ஒவ்வொன்றும் கேள்விக்கு வேறு பதில் சொல்லட்டும். அப்பா கோபித்துக்கொண்டு வேலையையே விடுகிறார். அப்பாவுக்குத் தெரியவே வருவதில்லை, செல்வி வாழ்நாள் முழுக்க ஒளிக்கிறாள். அப்பாவுக்குத் தெரிகிறது, சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறார். மூன்றையும் காட்சிப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். எது முந்தைய காட்சிகளில் யாரோ ஒருவர் செய்த செயலிலிருந்து வருகிறதோ அதுதான் உங்கள் முடிவு. முடிவில் யாராவது ஒன்றை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். என் கதையில் அவர் 40 ஆண்டுப் பெருமையை விட்டுக்கொடுக்கிறார்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நான்காவது வரைவில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வையைத் திரும்ப வரவைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கேள்வி அப்படியே அநாதையாக நின்றது. சிக்கலை ஒரு தற்செயல் வந்து அவிழ்த்துவிட்டால் கரு அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை.

10. மூன்று பேருக்குப் படிக்கக் கொடுங்கள் (7 நாள்), பிறகு திருத்துங்கள் (2 நாள்)

கொடுக்கும்போது கதை எதைப் பற்றியது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். "கரு புரிந்ததா?" என்றும் கேட்காதீர்கள், உங்களை மகிழ்விக்க ஏதாவது சொல்லிவிடுவார்கள். ஒரு தாளில் மூன்று கேள்விகள் போதும்: எந்த இடம் மனதில் நின்றது? எந்த இடத்தைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றியது? செல்வி செய்தது சரிதானா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது. ஆளுக்கொரு பதில் வந்து, காரணமும் சொன்னார்கள் என்றால் கரு கதைக்குள் இறங்கிவிட்டது. மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள், காட்சிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். யாருக்கும் எந்தப் பதிலும் இல்லையென்றால் 4ஆம் படிக்கு. கதைக்கும் கேள்விக்கும் இன்னும் தொடர்பு விழவில்லை. மனதில் நின்ற இடமாக நீங்கள் இரண்டு வரியில் கடந்த ஒன்றைச் சொன்னால் அதை விரியுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவர்களோடு வாதாடாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், மறுநாள் வரைவைத் திறங்கள்.

என் எட்டாவது வரைவைப் படித்த மூவரில் ஒருவர் செல்வி செய்தது தப்பு என்றார், ஒருவர் அவளுக்கு வேறு வழியே இல்லை என்றார். மூன்றாமவர் வேறொன்று கேட்டார்: "கடைசியில அவர் விளக்கை அணைக்க மறந்துட்டாரா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தினமும் தன் கையால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுப்பார், இருட்டில்தான் செல்வி கைபேசியின் சின்ன வெளிச்சத்தில் பிரிப்பாள் என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்தது. முதல் இரவுக் காட்சியில் ஒரு வரி சேர்த்தேன்: "எப்போதும்போல அவரே எழுந்து விளக்கை அணைத்தார்." இரண்டாவது இரவில் பாதி வரி. அடுத்துப் படித்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் கடைசிப் பக்கத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, "அவருக்கு எப்பவோ தெரியும், இல்ல?" என்றார்.